தூண்டிலுக்கும் ஸ்டூடன்ட் ரேட் உண்டா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்குக் காசிமேட்டில் விசைப்படகில் பங்கு உண்டு. மகன் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் பஃபலோவில் எம்.எஸ். படிக்கிறான். ஊரை ஒட்டியே பெரிய ஏரி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் போகலாம் என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். வெளியூர்க்காரனுக்கு 50 டாலர், உள்ளூர்க்காரனுக்கு 25 டாலர். படிக்கிற பையனுக்கு உள்ளூர் ரேட் கிடைக்கும் என்று ஒருவன் சொல்கிறான், வெளிநாட்டுப் பையனுக்குக் கிடைக்காது என்று இன்னொருவன் சொல்கிறான். எது சரி? தண்ணியில் இருக்கிற மீனுக்கு எதற்கு ஐயா காசு?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: முதல் பையன் சொன்னதுதான் சரி, தம்பி. நியூயார்க் மாநிலத்தில் முழுநேரமாகப் படித்துக்கொண்டு, படிக்கும் காலத்தில் அங்கேயே தங்கியிருக்கும் கல்லூரி மாணவருக்கு உள்ளூர்க்காரர் கட்டணம்தான். பக்கத்து மாநிலத்துப் பையனா, காசிமேட்டுப் பையனா என்ற பேதம் அதில் இல்லை. வருட லைசென்ஸ் 25 டாலர். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும்.

என் மகள் அந்த மாநிலத்தில் இருப்பதால் அங்கே நடக்கும் விதம் ஓரளவு தெரியும். ஊர் நிர்வாக அலுவலகத்தில் ஒரு கிளார்க் உட்கார்ந்திருப்பார். நம்ம ஊரில் பிறப்புச் சான்றிதழ் தருகிற மாதிரி மீன்பிடி லைசென்ஸும் அவரே அச்சடித்துத் தருவார். தூண்டில் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். முதல் தடவை உங்கள் மகன் ஆன்லைனில் தட்டிக்கொண்டிருக்காமல் நேரில் போகட்டும். பாஸ்போர்ட், கல்லூரி அடையாள அட்டை, இந்த செமஸ்டரில் முழுநேர மாணவர் என்று கல்லூரி தரும் கடிதம், மூன்றையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். எம்.எஸ். பையன்களுக்குக் கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு பாடம்தான் மிச்சம் இருக்கும். அப்போது அவரை முழுநேர மாணவர் என்று கல்லூரி எழுதித்தருமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் சலுகையும் இல்லை.

இந்த ரேட் நியூயார்க்குக்கு மட்டும்தான். மிச்சிகன் மாநிலத்திலும் முழுநேர மாணவருக்கு உள்ளூர் கட்டணம் உண்டு, ஆனால் அதற்கு அந்த மாநில லைசென்ஸைத் தனியாக வாங்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தனி ராஜ்ஜியம். கோடையில் இன்டர்ன்ஷிப்புக்கு வேறு மாநிலம் போனால் பஃபலோ லைசென்ஸ் பையில் தூங்க வேண்டியதுதான். பஃபலோவிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. நயாகரா ஆற்றின் அக்கரை கனடா. படகில் போகிற நண்பர்கள் கூப்பிட்டால், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தூண்டிலை இறக்க ஒன்டாரியோ மாகாண லைசென்ஸ் வேண்டும். ராமேஸ்வரத்துக்காரர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, எதற்குக் காசு என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். 1950இல் டிங்கல் ஜான்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. தூண்டில் கழி, ரீல் போன்றவற்றுக்கு 10 சதவீத வரி. அந்தப் பணத்தை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது 40 சதவீதம் நிலப்பரப்பையும் நீர்ப்பரப்பையும் பார்த்து, 60 சதவீதம் அந்த மாநிலத்தில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து. லைசென்ஸ் பணத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பவும் கூடாது. அதாவது உங்கள் மகன் 25 டாலர் கொடுத்தாலும் கணக்கில் ஒரு தலைதான், 50 கொடுத்தாலும் ஒரு தலைதான். பாதி ரேட்டுக்குக் கொடுத்துப் பையனை வரிசையில் நிற்க வைப்பது அந்த மாநிலத்துக்கு நஷ்டமே இல்லை. துறைமுகத்தில் கணக்கு எழுதிய எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

உள்ளூர், வெளியூர் சண்டை அங்கேயும் கோர்ட் வரை போனதுதான். தெற்கு கரோலினாவில் இறால் படகுக்கு உள்ளூர்க்காரரிடம் 25 டாலர், வெளிமாநிலத்தாரிடம் 2,500 டாலர் வாங்கினார்கள். ஜார்ஜியா மீனவர்கள் வழக்குப் போட, 1948இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழைப்புக்குத் தொழில் செய்பவனை அப்படித் துரத்தக் கூடாது என்றது. 30 வருடம் கழித்து, 1978இல், மோன்டானா மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடும் லைசென்ஸ் பற்றி வழக்கு. உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் வேட்டைக்குப் போகலாம், வெளியூர்க்காரர் 225 டாலர் கட்டி மொத்த லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்த முறை கோர்ட் ‘பொழுதுபோக்குத்தானே, மாநிலம் வித்தியாசம் காட்டலாம்’ என்று விட்டுவிட்டது. பிழைப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு. உங்கள் தொழிலும் உங்கள் மகனின் ஞாயிற்றுக்கிழமையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

ஒன்று மட்டும் மகனிடம் கறாராகச் சொல்லுங்கள். லைசென்ஸ் கையில் இருப்பதால் கிடைத்ததையெல்லாம் வாளியில் போட முடியாது. பாஸ் என்ற மீனை எடுத்துக்கொள்ளப் பொது விதி இது: குறைந்தது 12 அங்குலம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5. பஃபலோவை ஒட்டிய அந்த ஈரி ஏரிக்கென்று தனி விதிகளும் உண்டு, விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கரையிலேயே மீனைப் பலகையில் நீட்டி வைத்து, வாயை மூடி, வாலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து அளப்பார்கள். அரை அங்குலம் குறைந்தால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். ‘குஞ்சு மீன் குழம்புக்கு ருசி’ என்ற நம்ம நியாயம் அங்கே அபராதத்தில் முடியும். வீச்சுவலை ஆசையும் வேண்டாம், பாஸ் மாதிரி மீனைத் தூண்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் அதே நாட்டில் படிக்கிறான். அறை நண்பனின் அப்பா மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறாராம். மாணவர் சலுகையில் வேட்டை லைசென்ஸும் மலிவாகக் கிடைக்கும் என்கிறான். அனுப்பலாமா?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: மலிவுதான் தங்கச்சி. நியூயார்க்கில் வெளியூர்க்காரருக்கு 100 டாலர் என்றால் மாணவருக்கு உள்ளூர் ரேட், 22 டாலர். ஆனால் இதில் காசு சின்ன விஷயம். முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்த நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. இந்த விதிவிலக்கைச் சிலர் பெரிய சாமர்த்தியம் போலப் பேசுவார்கள். லைசென்ஸ் தேதி தீர்ந்த மறுநாள் துப்பாக்கியைத் தொட்டாலும் அது குற்றம். மீன்பிடி லைசென்ஸை வைத்துக்கொண்டு ‘என்னிடம் லைசென்ஸ் இருக்கிறதே’ என்றால் செல்லாது.

லட்சக்கணக்கில் கடன் வாங்கி அனுப்பிய பையன், விசாவைப் பணயம் வைத்து மான் பின்னால் ஓடத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நண்பர் வீட்டில் மான் கறி சமைத்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அப்புறம், அந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்துவிடப் போகிறான். இங்கே 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டு முயலுக்குக் கண்ணி வைத்தாலும், பழவேற்காட்டில் வந்திறங்கும் பறவை மேல் கை வைத்தாலும் கேஸ்.

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் தங்கூஸில் முள் கட்டி மடவைக்குப் போடுகிற எங்களிடமும் ஒரு நாள் லைசென்ஸ் கேட்பார்களா?
— ஒரு கல்லூரி மாணவர், எண்ணூர்

பதில்: 1983ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பதிவு, உரிமம் என்று கேட்பது படகுகளிடம். கரையில் முள் போடுபவனை அது தேடிவரவில்லை. ஏரி, நீர்த்தேக்கம் என்றால் கதை வேறு. மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார், அவரைக் கேட்காமல் போட்டால் தகராறுதான். இனிமேல் கேட்பார்களா என்று ஜோசியம் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒன்று, எண்ணூர் தண்ணீரில் சாம்பலும் எண்ணெயும் கலக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு தூண்டிலுக்கு வருடம் 100 ரூபாய் என்று வாங்கி, அதை அங்கேயே செலவழித்துக் கணக்கும் காட்டினால் முதல் ஆளாக நான் கட்டுவேன். கணக்குக் காட்ட வேண்டும், அது முக்கியம்.

கேள்வி: ஐயா, காசிமேட்டுக்காரன் மறுபடியும். மகனைப் பார்க்கத் தடைக்காலத்தில் போகலாம் என்று இருக்கிறோம். மகன் லைசென்ஸில் நானும் ஒரு கை போடலாமா?

பதில்: கூடாது. லைசென்ஸ் ஆளுக்கு ஆள். சலுகை மாணவருக்கு, மாணவரின் அப்பாவுக்கு இல்லை. நீங்கள் வெளியூர்க்காரர் கட்டணம்தான் கட்ட வேண்டும்: ஒரு நாளைக்கு 10 டாலர், ஏழு நாளைக்கு 28. கூட வரும் பேரப்பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால் லைசென்ஸே வேண்டாம். நியூயார்க் நகரத்துப் பக்கம் கடலில் போடுவதென்றால் கட்டணம் இல்லை, பெயரைப் பதிந்துகொண்டால் போதும்.

தேதியில்தான் இடிக்கிறது. நம்ம தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நியூயார்க்கில் பாஸ் மீனைப் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று பொதுவாகச் சீசன் திறப்பதும் ஜூன் 15தான். அதற்கு முன் பிடித்தால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். ஜூன் கடைசி வார இறுதியில் எல்லோருக்கும் லைசென்ஸ் இல்லாமலே தூண்டில் போட அனுமதி உண்டு, ஆனால் அப்போது உங்கள் படகு கடலில் இருக்கும். பங்காளியிடம் பேசி இரண்டு வாரம் தள்ளிப்போட முடிந்தால் டிக்கெட்டை ஜூலை முதல் வாரம் திரும்புகிற மாதிரி எடுங்கள்.