பட்டி காய்ந்ததா என்று யார் பார்த்தது? கார் பெயிண்ட், பட்டறை, வாரண்டி: கேள்வி பதில்

கார் பெயிண்ட் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லி வைத்தது என் தப்புதான். வந்ததில் பாதிக்கு மேல் "எவ்வளவு ஆகும்?" ரகம். நான் பட்டியை (தகட்டின் பள்ளத்தை நிரப்பும் பசை) வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்கும் பையனாகத் தொழிலுக்கு வந்து, பெயிண்டராகி, அப்புறம் ஒரு டீலர் பட்டறையில் பாடிஷாப் பொறுப்பு பார்த்தவன். இப்போது கூப்பிடுகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்கிறேன். இன்ஜின், ஏசி எல்லாம் கேட்காதீர்கள், தெரியாது.

தாம்பரம் வேகன்ஆர்: அண்ணே, 9 வருஷ வண்டி, சில்வர் கலர். கூரையிலும் பானெட்டிலும் மேல்தோல் வெங்காயத் தோல் மாதிரி உரிகிறது. கம்பெனி சர்வீஸில் 2 வருஷ வாரண்டி எழுதித் தருகிறார்கள், ஆனால் தெருமுனைப் பட்டறையைப் போல இரண்டு மடங்கு ரேட். பட்டறைக்காரர் "லைஃப் டைம் சார், நான் இங்கேதானே இருக்கேன்" என்கிறார். எங்கே கொடுப்பது?

பதில்: முதலில் உரிவதைப் பற்றி. மேலே இருப்பது கிளியர் கோட், நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, கலர் கிடையாது. வெயில் நேராக விழுவது கூரையிலும் பானெட்டிலும்தான், அதனால் அங்கேதான் முதலில் பிடிப்பு விடும். உரிந்த இடத்தில் "மேலே கிளியர் மட்டும் அடிச்சுக் கொடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அடியில் பிடிப்பு போன பிறகு மேலே எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்து உரியும். தேய்த்து எடுத்து, சர்ஃபேசர் (கலருக்கு அடியில் சமப்படுத்தும் பூச்சு) போட்டு, பேஸ் கோட் (கலர்), கிளியர் என்று முறையாக வர வேண்டும்.

இப்போது எங்கே கொடுப்பது. பெயர்ப்பலகையையும் வெயிட்டிங் ரூம் காபியையும் விடுங்கள். இரண்டு இடத்துக்கும் முன்தகவல் இல்லாமல் ஒரு மதியம் போங்கள். முடிந்த வண்டியைக் காட்டுவார்கள், அது பளபளவென்றுதான் இருக்கும், அதைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. பாதி வேலையில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். கதவுக் கைப்பிடியும் பீடிங்கும் (ஓர ரப்பர்) கழற்றியிருக்கிறதா, இல்லை அப்படியே டேப் ஒட்டி அடிக்கிறார்களா? கழற்றாமல் அடித்தால் அந்த டேப் ஓரத்தில்தான் நாளைக்கு உரிய ஆரம்பிக்கும். கலரைத் தராசில் கிராம் கணக்கில் கலக்குகிறார்களா, கண்ணால் பார்த்து ஊற்றுகிறார்களா? அப்புறம் கம்ப்ரசர். கன்னை (பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கி) கழற்றிவிட்டு, ஹோஸ் காற்றை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒரு நிமிடம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். புள்ளி புள்ளியாக ஈரமோ எண்ணெயோ தெரிந்தால், டேங்கில் தேங்கும் தண்ணீரை யாரும் வடிப்பதில்லை என்று அர்த்தம். அதெல்லாம் உங்கள் பானெட்டில்தான் வந்து உட்காரும்.

கடைசியாக வாரண்டி. "லைஃப் டைம்" என்றால் யாருடைய லைஃப்? வாயால் சொன்ன லைஃப் டைமைவிட பில்லில் எழுதின ஒரு வருஷம் மேல். எந்தெந்த பேனல், என்ன பெயிண்ட், உரிதல், கொப்புளம், வெடிப்பு, நிறம் வெளுத்தல் இதில் எதெல்லாம் சேரும், திரும்ப அடிக்கும்போது கூலியும் அவர்களுடையதா என்று எழுதி வாங்குங்கள். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எங்களிடமே பாலிஷ் போட்டால்தான் வாரண்டி" என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படியுங்கள். குறைந்தது ஒரு ஐப்பசி, கார்த்திகை அதற்குள் வர வேண்டும். மழை பார்க்காத பெயிண்டுக்கு வாரண்டி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

மதுரை ஐ10: முழு வண்டிக்கும் எவ்வளவு ஆகும் சார்?

வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சேலம் ஸ்விஃப்ட்: பழைய பெயிண்டை இரும்பு தெரியும் வரை முழுக்கச் சுரண்டிவிட்டு அடித்தால்தான் நிற்கும் என்கிறார்கள். சரியா?

துரு இருக்கும் இடத்தில் சரி, மற்ற இடத்தில் வீண் வேலை. தொழிற்சாலையில் வண்டியின் கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பிரைமர் ஏற்றி, 150 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். அதை எந்தப் பட்டறையும் திரும்பப் போட்டுத் தர முடியாது. நன்றாகப் பிடித்திருக்கும் பிரைமரைச் சுரண்டி எறிய உங்களிடம் காசு வேறு வாங்குகிறார்கள்.

திருச்சி எர்டிகா: பின் கதவில் அடி. இன்ஷூரன்ஸில் பெயிண்டுக்குப் பாதிதான் தருவார்களாமே?

பாதி இல்லை, அங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். பெயிண்ட் வேலையில் பொருளின் விலைக்கு மட்டும் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், கூலிக்குப் பிடிப்பதில்லை. பொருளையும் கூலியையும் பிரிக்காமல் ஒரே தொகையாக பில் போட்டால் அதில் 25 சதவீதம்தான் பொருள் என்று கணக்கு. பெயிண்ட் பில் 20,000 என்று வையுங்கள். ஒரே தொகை என்றால் பொருள் 5,000, அதில் பாதி 2,500 உங்கள் கையை விட்டுப் போகும். அதே பட்டறை பொருள் 10,000, கூலி 10,000 என்று பிரித்து எழுதினால் 5,000 போகும். வேலை ஒன்றுதான், பில் எழுதும் விதம்தான் வேறு. எஸ்டிமேட் போடும்போதே எப்படி எழுதப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ஜீரோ டெப் (தேய்மானம் பிடிக்காத பாலிசி) எடுத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. எப்படியும் ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே போட வேண்டிய கட்டாயக் கழிவு உண்டு: 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சின்னக் கீறலுக்கு கிளைம் போடுவதற்கு முன்னால் நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) எவ்வளவு போகும் என்று கணக்குப் பாருங்கள். 50 சதவீதத்தில் இருப்பவர் 4,000 ரூபாய் கீறலுக்கு கிளைம் போட்டு, அடுத்த வருஷ பிரீமியத்தில் அதைவிட அதிகமாக இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினம் டிசையர்: போன ஆடியில் இரண்டு கதவும் பெண்டரும் அடித்தேன். மழை முடிந்து தை மாசம் கதவின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளம். கேட்டால் "உள்ளே இருந்து வந்த துரு, அது வாரண்டியில் வராது" என்கிறார்கள்.

தம்பி, ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளிப் பார். அடியில் தகடு சிவப்பாக அரித்துப் பொத்தலாகி இருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண் அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும், உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் சாம்பல் நிறத்தில் பட்டி தெரிந்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தால், அது அவர்கள் வேலை.

இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: பட்டி தண்ணீரைக் குடிக்கும். ஸ்பாஞ்ச் மாதிரி. பட்டியின் மேல் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பர் போட்டால் தேய்க்கச் சுலபம், தூசி பறக்காது, பையன்களுக்கு அதுதான் பிடிக்கும். நானும் அப்படித் தேய்த்தவன்தான். ஈரம் உள்ளே போன பட்டியைச் சரியாகக் காயவிடாமல் சர்ஃபேசர் அடித்து மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அடியில் உட்கார்ந்து தகட்டைத் தின்னும், வெயிலில் சூடானால் பெயிண்டைத் தூக்கும். டெலிவரி அன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆறு மாசம் கழித்துத் தெரியும். பூசி மெழுகுவது என்பது இதுதான். அதனால் பட்டியை உலர் பேப்பரில் தேய்க்கச் சொல்லுங்கள், சர்ஃபேசருக்கு முன்னால் ஒரு போட்டோ கேளுங்கள்.

உன் விஷயத்துக்கு: பில் இருக்கிறதா? இருந்தால் போட்டோவோடு எழுத்தில் புகார் கொடு, பதிலையும் எழுத்தில் கேள். நுகர்வோர் உதவி எண் 1915. அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. "ஜிஎஸ்டி வேண்டாம் சார், 18 சதவீதம் மிச்சம்" என்று பில் இல்லாமல் அடித்திருந்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்த 18 சதவீதத்தோடு வாரண்டியும் போய்விட்டது.

ஈரோடு ஜீப்: ராணுவப் பச்சை அடிக்க ஆசை.

கூடாது. ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்க மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை. வேறு கலர் என்றாலும் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் மாற்ற வேண்டும், கடன் ஓடினால் பேங்கின் சம்மதமும் வேண்டும். முதலில் பேப்பர், அப்புறம் பெயிண்ட்.

நாமக்கல் 12 வீல்: லாரி கேபினுக்கு எந்தப் பெயிண்ட்?

நாமக்கல்லில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே. உங்கள் ஊர் பாடி பில்டர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வேலூர் ஆல்டோ: முழு பெயிண்ட் எவ்வளவு?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

புதுப்பேட்டைக்காரர்: என்ன சார் கம்ப்ரசர், தராசு, கண்ணாடித் துண்டு என்று பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பெரியப்பா புதுப்பேட்டையில் 30 வருஷமாகத் தெருவில்தான் அடிக்கிறார். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கிவிட்டு அடிப்பார். அவர் அடித்த அம்பாசடர் இன்னும் மின்னுகிறது.

பெரியப்பாவுக்கு என் வணக்கம், கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த அம்பாசடர் ஒற்றைக் கலர், அநேகமாக என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டாக இருக்கும். தின்னர் ஆவியாகிக் காய்வது அது, தூசி விழுந்தால் தேய்த்து பாலிஷ் போட்டுக்கொள்ளலாம், மங்கினால் திரும்பத் தேய்க்கலாம். இன்றைய மெட்டாலிக்கில் பேஸ் கோட்டில் தூசி விழுந்து தேய்த்தால் அந்த இடம் திட்டாகத் தெரியும்.

மறுபடியும் அவரே: அவர் இப்போது பியூதான் (பாலியூரித்தேன் பெயிண்ட்) அடிக்கிறார். நம் ஊர் வெயிலில் பியூ தானே காயும், 60 டிகிரிக்குச் சூடேற்றும் பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) எதற்கு? மின்சார பில்லை கஸ்டமர் தலையில் கட்டத்தான்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். பியூ ஹார்ட்னரோடு சேர்ந்து இறுகுகிற பெயிண்ட், நம் சூட்டில் ஒரு ராத்திரியில் தொடும் அளவுக்கு இறுகிவிடும். சூடேற்றுவது சீக்கிரம் டெலிவரி கொடுக்கத்தான். பூத்தில் எனக்கு முக்கியம் வடிகட்டின காற்று. மழைக்காலத்தில் இன்னொன்று: ஹார்ட்னருக்கு ஈரம் ஆகாது, காற்றில் ஈரம் அதிகமானால் பளபளப்பு இறங்கும். கார்த்திகை மழையில் பெரியப்பா தெருவில் அடிப்பாரா என்று கேளுங்கள்.

கோவை, முன்னாள் பட்டறை முதலாளி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 40 லட்ச ரூபாய் பூத்துக்குள் வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆன பையன் அவசரத்தில் அடித்த வண்டிகளை நானே திரும்ப அடித்துக் கொடுத்திருக்கிறேன். பூத் இருந்தால் நல்ல வேலை என்று வாசகர்களை நம்ப வைக்காதீர்கள்.

ஐயா, அதை நான் சொல்லவே இல்லை. தேய்ப்பு சரியாக இருக்கும் தெரு வேலை, தேய்ப்பு மோசமான பூத் வேலையைவிட நன்றாக நிற்கும். இது எனக்கும் உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் தெரியும். ஆனால் வாரண்டி யார் தருவது? தெருவில் அடித்தவர் அடுத்த தெருவுக்கு மாறிவிட்டால்?

புதுப்பேட்டைக்காரர்: 30 வருஷம் ஒரே இடம் சார்! கம்பெனி டீலர்தான் மூடிவிட்டுப் போகிறான்.

சரி, இதில் நீங்கள் ஜெயித்தீர்கள். டீலர் மூடியதால் வாரண்டி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களை எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், பெயிண்ட் பற்றி இல்லை. பெரியப்பா முகத்தில் என்ன கட்டிக்கொண்டு அடிக்கிறார்? கர்ச்சீப் என்றால் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பியூ ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, துணி அதைத் தடுக்காது. ஆஸ்துமா வரலாம், வந்த பிறகு கொஞ்சம் மூச்சில் போனாலே இழுக்கும். நான் கன்னைக் கீழே வைத்ததற்குக் காரணம் வயசு என்று எல்லோரிடமும் சொல்வேன். காரணம் இதுதான். பூத்தில் கூட காற்றுக் குழாய் இணைத்த முகமூடி போட்டு அடிப்பதுதான் நல்லது.

புதுப்பேட்டைக்காரர்: கர்ச்சீப்தான் சார். ராத்திரியில் இருமுவார். பீடி என்று நினைத்தோம்.

டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடையாறு சிட்டி: ஒரு கதவு மட்டும் அடித்தோம். கடையில் ட்யூப்லைட் அடியில் ஒன்றாக இருந்தது, வெளியே வந்தால் கதவு மட்டும் தனியாகத் தெரிகிறது. கலர் கோட் (கம்பெனி கொடுத்த நிற எண்) சரிதான் என்கிறார்கள்.

நிற எண் சரியாக இருக்கும். சில்வர், பேர்ல் கலரில் உள்ளே இருக்கும் துகள் எப்படிப் படுக்கிறது என்பதை கன்னின் அழுத்தமும் பெயிண்டின் ஈரமும் தீர்மானிக்கும். அதனால் பக்கத்துப் பேனலிலும் பேஸை நிறம் சேரும்படி லேசாகப் படர அடித்துவிட்டு, முழுதுக்கும் கிளியர் அடிக்க வேண்டும். அதற்குக் காசு ஆகும் என்று விட்டுவிட்டார்கள். டெலிவரியை எப்போதும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், காலையில் நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

விழுப்புரம் க்விட்: ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் பெயிண்ட் முடிந்து வருகிறது. பொட்டு வைக்கலாமா?

கண்ணாடியில் வையுங்கள் அம்மா, பானெட்டில் வேண்டாம். புது கிளியர் இன்னும் முழுசாக இறுகியிருக்காது, மஞ்சளும் குங்குமமும் கறை பிடித்தால் போகாது. ஒரு வாரம் கழுவ வேண்டாம், ஒன்றிரண்டு மாசத்துக்கு வாக்ஸ், செராமிக் எதுவும் வேண்டாம். போர் தண்ணீரில் கழுவினால் துடைக்காமல் காயவிடாதீர்கள்.

ஓசூர் பொலேனோ: பெயிண்ட் ரேட் எவ்வளவு என்று தோராயமாகவாவது...

ஒரு பேனலுக்கு 3,000-லிருந்து 6,000 வரை பார்க்கிறேன், போதுமா? அதற்கும் கீழே யாராவது சொன்னால் எந்த வேலையை விடப் போகிறார் என்று கேளுங்கள். பட்டியை எப்படித் தேய்ப்பார் என்றும் கேளுங்கள்.

தென்காசி செலரியோ: எல்லாப் பதிலும் படித்தேன். பட்டி என்றால் என்ன அண்ணே?

சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.