இரண்டு கைகளால் கொடுப்பது

அன்புள்ள ஐயா,

என் கணவரின் வேலை காரணமாக ஒன்பது ஆண்டுகள் தென்கொரியாவில், சுவோன் நகரில் இருந்தோம். போன வருடம் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். அதிலிருந்து எங்களைப் பார்த்து வீட்டில் ஒரே சிரிப்பு. காய்கறிக்காரருக்குக்கூட நான் இரண்டு கைகளாலும் பணம் நீட்டுகிறேன். போனில் பேசும்போது தலை தானாகக் குனிகிறது. கணவர் மதியம் சாப்பிட்டதும் அலுவலகத்தில் பல் துலக்கப் போகிறார், உடன் வேலை செய்பவர்களுக்கு அது வேடிக்கை. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் குப்பையைப் பிரித்துப் பிரித்து வைத்தாள். குப்பை வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியதைப் பார்த்து அழுதுவிட்டாள். "அங்கே போய் நீங்க நம்ம ஆளுங்களாவே இல்லாம போயிட்டீங்க" என்கிறார் மாமியார். இதெல்லாம் நாங்கள் நிஜமாகவே கற்றுக்கொண்டதா, வெறும் ஒட்டுப்பூச்சா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? மகளிடம் என்ன சொல்வது?

எஸ், மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்,

ஒட்டுப்பூச்சாக இருந்தால் விமானம் ஏறும்போதே உதிர்ந்திருக்கும். எதிரில் ஆளே இல்லாத போன் உரையாடலில் தலை குனிகிறது என்றால் அது நடிப்பு இல்லை. உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது.

நானும் தென்கொரியாவில், டேஜான் நகரில் சில ஆண்டுகள் இருந்தவன். ஆராய்ச்சி நிலையங்கள் நிறைந்த ஊர் அது. வியட்நாமியர், உஸ்பெக்கியர், ஜெர்மானியர், நம்மவர்கள் என்று பலரும் வந்து போவார்கள். வந்த சில மாதங்களிலேயே எல்லோரும் தலை குனியத் தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் பாடம் எடுப்பதில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையை இரண்டு கைகளாலும் நீட்டும்போது நம்முடைய ஒற்றைக் கை நமக்கே கூச்சமாகிவிடும். மறுநாள் இன்னொரு கையும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் உங்கள் இரண்டு கைகளில் நீங்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கொரியாவில் அந்த மரியாதை பெரும்பாலும் மேல்நோக்கிப் போவது. வயதில் பெரியவருக்கு, பதவியில் பெரியவருக்கு, அறிமுகமில்லாதவருக்கு இரு கைகளாலும் கொடுப்பார்கள். அல்லது வலக்கையால் கொடுத்து, இடக்கையால் அந்த முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். தன்னைவிடச் சின்னவருக்கு ஒற்றைக் கை போதும். கடைக்காரர் வாடிக்கையாளருக்கு இரு கைகளாலும் தருவார், வாடிக்கையாளர் சாதாரணமாக ஒரு கையால் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. நீங்களோ மடிப்பாக்கத்தில் காய்கறி விற்பவருக்கு இரண்டு கைகளாலும் கொடுக்கிறீர்கள். இது கொரியாவிலிருந்து அப்படியே வந்ததல்ல. வரும் வழியில் நீங்கள் அதை மாற்றிவிட்டீர்கள், இன்னும் நல்லதாக.

அதைச் செய்வது எந்த மண்ணில் என்பதையும் யோசியுங்கள். விரல் பட்டுவிடக் கூடாது என்று கூலியை மேலிருந்து கையில் போட்ட ஊர்கள் நம்முடையவை. டீக்கடையில் சிலருக்குத் தனி டம்ளர் வைத்த ஊர்கள். இன்றைக்கும் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வீசுகிறவர்களைப் பார்க்கிறோம். அங்கே ஒரு பெண் காய் விற்பவரின் முகம் பார்த்து, இரண்டு கைகளாலும் பணம் தருகிறாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இதை நீங்கள் ஒருநாளும் விடக் கூடாது.

பல் துலக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூண்டும், காரமாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியும் இல்லாத மதியச் சாப்பாடு அங்கே அபூர்வம், சாப்பிட்டதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அதனால் மேசை இழுப்பறையில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் இருக்கும். ஒரு மணிக்குச் சற்று முன்னால் கழிப்பறைக் கண்ணாடி முன் வரிசையாக நின்று, வாயில் நுரையோடு ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்வார்கள். மேலதிகாரியும் அந்த வரிசையில்தான் நிற்பார். நம் சாம்பாருக்கும் அது பொருந்தும். உங்கள் கணவர் தொடரட்டும்.

குப்பை விஷயம்தான் கஷ்டம். தலை குனிய உங்கள் உடம்பு போதும், பல் துலக்க ஒரு குழாய் போதும். குப்பையைப் பிரிக்க ஒரு ஊரே வேண்டும். சுவோனில் உங்கள் மகள் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். அட்டையைத் தொட்டால் மூடி திறக்கும் உணவுக் கழிவுத் தொட்டி. கொட்டியதும் மூடிக்கொண்டு, எத்தனை கிலோ என்று சின்னத் திரையில் காட்டும். அந்த எடைக்குத் தகுந்தபடி கட்டணம். எதைக் கொட்டலாம் என்பதற்கும் விதி உண்டு. அந்தக் கழிவு தீவனமாகவும் உரமாகவும் போவதால் முட்டை ஓடு, வெங்காயத் தோல், கோழி எலும்பு, நண்டு ஓடு, வடிகட்டிய தேயிலை எதுவும் அதில் சேராது. நம் சமையலில் தினமும் விழும் வெங்காயத் தோலை எதில் போடுவது என்று வந்த புதிதில் திகைக்காத தமிழ்க் குடும்பமே அங்கே இருக்காது. மற்ற குப்பைக்கு அந்தந்த வட்டாரத்தின் முத்திரை போட்ட பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். குப்பை கூடினால் செலவும் கூடும். 2020 டிசம்பர் முதல் அடுக்ககங்களில் நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலைக்கூட லேபிளை உரித்துத் தனியாகப் போட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 'கொரியர்கள் பிறவியிலேயே சுத்தமானவர்கள், நம் ஆட்களுக்கு இது வராது' என்று மகள் முடிவு கட்டிவிடப் போகிறாள். அதுதான் என் கவலை. அவளை உட்காரவைத்து நான்ஜிதோவின் கதையைச் சொல்லுங்கள். சியோலில் ஹான் ஆற்றங்கரையில் செடியும் பறவையுமாக இருந்த தீவு அது. 1978 முதல் 1993 வரை நகரத்தின் குப்பை முழுவதும் அங்கே கொட்டப்பட்டது. பிரிப்பதும் இல்லை, அளப்பதும் இல்லை. கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரத்துக்கு இரண்டு குப்பை மலைகள் எழுந்தன. குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்கள் அதன் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் குப்பையைப் பிரிக்கும் அதே நாடுதான்.

1995 ஜனவரியில் நாடு முழுவதும் கட்டணப் பை வந்தது. 2005இல் உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைக்கத் தடை வந்தது. எடை பார்க்கும் தொட்டிகள் அதற்கும் பின்னால். அந்தக் குப்பை மலைகளை மூடி, வாயுவை வெளியேற்றக் குழாய் பதித்து, 2002இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்பாகப் பூங்கா ஆக்கினார்கள். இலையுதிர் காலத்தில் அங்கே மலையுச்சியில் நாணல் பூத்திருப்பதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். நீங்களே போயிருக்கலாம்.

உங்கள் வீட்டிலிருந்து பெருங்குடி குப்பைக் கிடங்கு எவ்வளவு தூரம்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல் நாம் கொட்டிய மலை அது. ஆகவே மகள் அழுததில் நியாயம் இருக்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு மூன்றையும் தனித்தனியாகத்தான் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. அவள் செய்தது இந்த நாட்டு விதிப்படி சரி. வண்டி தள்ளி வருபவர் மேல் கோபப்பட வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். அவரிடம் தனித்தனித் தொட்டி இருந்ததா, பிரித்து வாங்கினால் கொண்டுபோய்க் கொடுக்க இடம் இருக்கிறதா? இதை வார்டு அலுவலகத்தில் கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள், அதாவது நீங்களும் உங்கள் கணவரும். போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். அதற்குள் மக்கும் குப்பையையாவது மொட்டை மாடியில் உரமாக்கிவிடலாம், வெங்காயத் தோல் உட்பட.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விட வேண்டியது எது என்று கேட்டீர்களே, அதற்கான பதில் இதுதான். கொரியாவில் அறிமுகமான சற்று நேரத்தில் வயதைக் கேட்பார்கள். யார் முதலில் கரண்டி எடுப்பது, யார் யாருக்கு ஊற்றிக் கொடுப்பது, குடிக்கும்போது யார் முகத்தைத் திருப்பிக்கொள்வது, எல்லாம் அதை வைத்துத்தான். அலுவலகத்தில் மேலதிகாரி எழுந்திருக்காமல் கீழே இருப்பவர்கள் எழுந்திருக்கத் தயங்குவார்கள். அண்ணன், அக்கா, பெரியவர் என்று வளர்ந்த நமக்கு இந்தப் பழக்கம் மிகச் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே பாதி நம்மிடம் இருப்பதுதானே. ஐரோப்பியர்களுக்கு உறுத்துவது நமக்கு உறுத்தவே உறுத்தாது.

ஆனால் அங்கே இளைஞர்கள் இதை எதிர்த்துப் பல காலமாகப் பேசிவருகிறார்கள். பணியிடத்தில் அதிகாரத்தைக் காட்டித் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கொரியாவே கழற்ற முயல்வதை நாம் இங்கே இறக்குமதி செய்யக் கூடாது. உங்கள் கணவருக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள் அவர் கிளம்பும்வரை காத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். காத்திருந்தால், "நேரமாச்சு, கிளம்புங்கப்பா" என்று அவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்புறம், மாமியார் சொன்னது. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. பேத்தி கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அது. அவருக்கு கார்ல் ஃபெரிஸ் மில்லரைப் பற்றிச் சொல்லலாம். பென்சில்வேனியாவில் பிறந்து, 1945இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாகக் கொரியாவுக்கு வந்தவர். அங்கேயே தங்கினார், கொரிய வங்கியில் வேலை பார்த்தார், 1979இல் கொரியக் குடிமகனாகி மின் பியோங்-கால் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். ஓட்டுக்கூரை போட்ட பழைய கொரிய வீடுகள் அவருக்கு உயிர். மேற்குக் கடற்கரையில், உப்புக்காற்று வீசும் மணல் நிலத்தை வாங்கி, 1970 முதல் மரம் நட்டார். இன்றைய சொல்லிபோ (Chollipo) மரத்தோட்டம் அதுதான். இவ்வளவு கொரியராகிவிட்ட மனிதர் அங்கே கொரிய மரங்களை மட்டும் வைக்கவில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்னோலியா மரங்களையும் ஹாலி மரங்களையும் தேடித்தேடி வரவழைத்தார். 2002இல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வேலை. ஒரு ஊரை முழுமனதோடு ஏற்றுக்கொண்டவர் வேறெதையும் தொலைக்க வேண்டியதில்லை. உங்கள் மகள் பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது டம்ளரை இரண்டு கைகளால் நீட்டுவாள் என்று நினைக்கிறேன். மாமியார் அதைக் கவனித்தாலே போதும்.

மகளுக்கு நீங்கள் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த வயதில் ஒரு மொழி எவ்வளவு சீக்கிரம் வந்ததோ அதே வேகத்தில் போய்விடும். குனிவது தங்கும், கொரிய மொழி தங்காது. சென்னையில் 2006 முதல் இயங்கும் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையத்தில் கொரிய மொழி சொல்லித்தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள். 1998இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து நகரத்தில் கொரியக் குடும்பங்களும் இருக்கின்றன. அவள் வயதுப் பிள்ளை உள்ள ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் சேர்த்து விளையாட விடுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் மகளிடம் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டு போகட்டும்.

அன்புடன்.