மழைக்காலத்தில் கோழியைத் திறந்துவிடலாமா?

கேள்வி: கொல்லையில் 9 நாட்டுப் பெட்டைகள், ஒரு சேவல், தாயோடு 3 வாரக் குஞ்சுகள் 8 வளர்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எல்லாவற்றையும் அடைத்தே வைத்திருக்கிறேன். நனைந்தால் வெள்ளைக் கழிச்சல் வந்துவிடும் என்கிறார் என் மாமியார். உள்ளேயே கிடந்து ஒன்றையொன்று கொத்துகின்றன, முட்டையும் குறைந்துவிட்டது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சீர்காழி

பதில்: பெரிய கோழிகளைத் திறந்துவிடுங்கள் அம்மா. குஞ்சுகளை மட்டும் விடாதீர்கள்.

வளர்ந்த கோழிக்கு வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகு முழுக்கத் தடவிக்கொள்ளும். தூறலில் மேய்ந்தாலும் உள்ளே இருக்கும் மெல்லிறகு அவ்வளவு சீக்கிரம் நனையாது. மழை விட்டதும் ஈசலையும் புழுவையும் தேடி அது ஓடும் ஓட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீனியை நாம் கடையில் வாங்கிக் கொடுக்க முடியாது. கதவைத் திறந்து வைத்தால் போதும், கனமழை வந்தால் தானாகவே திரும்பிவிடும். ஆனால் திரும்பி வரும் இடம் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் கவனமெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நானும் உங்களைப் போலத்தான் பயந்தேன். சாரல் அடிக்கிறதே என்று கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடினேன். நாலைந்து நாளில் கோழிகளுக்குக் கண் வீங்கி நீர் வடிந்தது. மழைச் சளி என்று நினைத்தேன். உள்ளே குனிந்து உட்கார்ந்தபோதுதான் காரணம் மூக்கில் ஏறியது. ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியேற வழியில்லாமல் அடைந்து கிடந்தது. பாயைக் கூரைக்குக் கீழே ஒரு முழம் இறக்கிக் கட்டி, கூளத்தை மாற்றிய பிறகுதான் தேறின. நீங்களும் தினமும் கோழி உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை மூச்சு இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

தரையில் நெல் உமியை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, தினமும் கிளறிவிடுங்கள். கட்டி தட்டிய இடத்தை உடனே அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் வைத்தால் பாதி ஈரம் குறையும். கொல்லையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மண் போட்டு மேடாக்குங்கள், அந்தக் குட்டையில்தான் எச்சமும் கலக்கும், அதையேதான் கோழியும் குடிக்கும். தாழ்வாரத்தில் நனையாத மூலையாகப் பார்த்து மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டுங்கள். புழுதியில் புரண்டுதான் அது பேனை உதிர்க்கும், மழைக்காலத்தில் வேறு எங்கே போய்ப் புரளும்?

தீவன மூட்டை பலகை மேல் இருக்கட்டும். சோளமோ புண்ணாக்கோ பூஞ்சை வாடை வந்தால் மனசு பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கும்.

குஞ்சுகள் விஷயம் வேறு. அவற்றின் உடம்பில் இன்னும் பாதிக்குமேல் பஞ்சுதான், எண்ணெய்ப் பூச்சும் போதாது. ஒருமுறை தொப்பலாக நனைந்தால் விறைத்துவிடும். அதைவிடப் பெரிய பயம் இரத்தக் கழிச்சல். எச்சத்தில் வெளியேறும், அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணியின் முட்டைகள் வெதுவெதுப்பான ஈர மண்ணில் ஓரிரு நாளிலேயே நோய் தரும் நிலைக்கு வந்துவிடும். 3 முதல் 6 வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும், உங்கள் குஞ்சுகள் சரியாக அந்த வயதில் நிற்கின்றன. தாயோடு பஞ்சாரத்தில், காய்ந்த உமி மேல் வையுங்கள். நல்ல வெயில் அடித்து மண் உலர்ந்த பிறகு ஒரு மணி நேரம் விடலாம். இறக்கையைத் தொங்கப் போட்டு ஒடுங்கி நின்றாலோ, எச்சத்தில் சிவப்பு தெரிந்தாலோ, அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். மறுநாள் பார்க்கலாம் என்றால் மறுநாள் குஞ்சு இருக்காது.

முட்டை குறைந்ததற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த மாதங்களில் பகல் 12 மணி நேரத்துக்கும் குறைந்துவிடும், வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். அடைத்து வைத்த கொட்டகை இருட்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். திறந்துவிட்டாலே கொத்துவதும் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. 2022 நவம்பரில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் அறிவிப்பு வந்தால் நான் மேலே சொன்ன எதையும் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் பிடித்து, தண்ணீர் ஏறாத மேட்டிலோ திண்ணையிலோ பஞ்சாரம் போட்டு மூடுங்கள்.

அப்புறம், உங்கள் மாமியாரின் பயம். அவர் வெள்ளைக் கழிச்சலுக்குப் பயப்படுவது நியாயம்தான், ஒரே வாரத்தில் கூண்டையே காலி செய்யும் நோய் அது. ஆனால் அதைக் கொண்டுவருவது ஒரு வைரஸ், மழைத்தண்ணீர் இல்லை. நோய்பட்ட கோழி, அதன் எச்சம், சந்தையிலிருந்து வரும் புதுக்கோழி, நம் செருப்பு வழியாகத்தான் வரும். இந்த நோய்க்குத் தடுப்பாக, குஞ்சுக்கு 7-ஆம் நாள் லசோட்டா என்ற சொட்டு மருந்து, 4-ஆம் வாரம் மறுபடி, 8 வாரத்துக்கு மேல் ஊசி என்பது வழக்கம். முதல் சொட்டு விட்டிருக்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. விடவில்லை என்றால், குஞ்சுகள் நன்றாக இருக்கும்போதே இந்த வாரம் மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். பெரிய கோழிகளுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டது என்பதையும் மாமியாரிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.