மினா எல்லாருக்கும் அம்மாவா?

கேள்வி: அக்கா, நான் எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம். செமினாருக்கு எனக்கு வந்திருக்கிறது பிராம் ஸ்டோக்கரோட 'டிராகுலா'ங்கிற காட்டேரி நாவல்ல வர்ற மினா ஹார்க்கர். எங்க மேடம், "அந்த நாவலோட தாய் அவதான், பொறுமையின் சின்னம், அதையே எழுது"ன்னு சொல்றாங்க. ரூம்மேட், "அது ஆம்பளைங்க தங்களுக்கு வேணும்னு செஞ்சு வெச்ச அம்மா, கிழிச்சுத் தொங்கவிடு"ங்கிறா. எனக்கு ரெண்டுமே ஒட்டலை. மினாவைப் படிக்கிறப்ப எரிச்சல் வருது, பாவமாவும் இருக்கு, ஒரு இடத்துல எங்கம்மா ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். இவளை எப்படித்தான் புரிஞ்சுக்கிறது?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஒட்டலைன்னு தோணுச்சு பாருங்க, அது நல்லதுக்குத்தான், அதை விட்டுடாதீங்க. முதல்ல ஒண்ணு, 1992ல வந்த சினிமாவைப் பாத்துட்டு புத்தகத்துக்குள்ள போயிருந்தீங்கன்னா படத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுடுங்க. அதுல மினா டிராகுலாவோட போன ஜென்மத்துப் பொண்டாட்டி, ஒரே காதல், ஒரே கண்ணீர். 1897ல வந்த நாவல்ல அப்படி ஒரு வரி கூட கிடையாது.

எரிச்சல் எனக்கும் வந்துச்சு. காலேஜ்ல படிச்சப்ப எனக்குப் பிடிச்சது மினாவோட தோழி லூசிதான், ஒரே நாள்ல மூணு பேர் வந்து கட்டிக்கிறியான்னு கேக்குற பொண்ணை யாருக்குத்தான் பிடிக்காது, மினா பாட்டுக்கு ஷார்ட்ஹேண்ட் பழகிக்கிட்டு, ரயில் டைம்டேபிளை மனப்பாடம் பண்ணிக்கிட்டு கிளாஸ் லீடர் மாதிரி இருப்பா. பல வருஷம் கழிச்சு திரும்பப் படிச்சப்பதான் ஒரே ஒரு நாள் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. செப்டம்பர் 30. நாவல் முழுக்க டைரியும் கடிதமும் தந்தியும்தானே, அதனால தேதியை வெச்சே தேடிடலாம். அந்த ஒரு நாளை மட்டும் தனியா எடுத்துப் படிங்க, உங்க செமினாருக்கு அதுவே போதும்.

இடம் டாக்டர் சீவர்டோட மனநல ஆஸ்பத்திரி. லூசி செத்து, காட்டேரியாகி, அவளைக் கட்டிக்க இருந்த ஆர்தரே நெஞ்சுல கட்டையை இறக்கி முடிச்சாச்சு. அவன் யார்கிட்டயும் அழ முடியாம வர்றான், மினாவோட தனியா இருக்கிறப்ப உடைஞ்சு போய் அவ தோள்ல தலையை வெச்சுக்கிட்டு குழந்தை மாதிரி கதறுறான். அவ அவன் தலைமுடியைக் கோதி விடுறா. பொம்பளைங்களுக்குள்ள ஒரு தாய் இருக்கா, அந்தத் தாயைக் கூப்பிட்டுட்டா சின்ன விஷயமெல்லாம் பின்னாடி போயிடும், நாளைக்கு எனக்குப் பொறக்கப் போற குழந்தையோட தலை மாதிரி இருந்துச்சுன்னு எழுதி வெக்கிறா. உங்க மேடம் சொல்ற தாய் இங்கதான் இருக்கா, அதை இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அடுத்த வரியைப் பாருங்க, இதெல்லாம் எவ்வளவு விசித்திரம்னு அந்த நேரத்துல எனக்குத் தோணவே இல்லைன்னும் எழுதுறா. அப்புறமா தோணியிருக்குன்னுதானே அர்த்தம்? தாய்மை பொங்கி வழிஞ்சவ ஏன் அப்படி எழுதணும். ஆர்தர் அழுது முடிச்சதும் தன்னை அவளுக்கு அண்ணன் மாதிரி நினைச்சுக்கச் சொல்றான், வெளில வந்தா, லூசியைக் கட்டிக்கக் கேட்ட இன்னொருத்தன் குவின்சி மாரிஸ் அவளை "லிட்டில் கேர்ள்"னு கூப்பிடுறான், அது லூசியை அவன் கூப்பிட்ட அதே வார்த்தை. ஒரு மணி நேரத்துல அம்மா, தங்கச்சி, சின்னப் பொண்ணு, மூணு வேஷமும் ஆயிடுச்சு!

அதே நாள்லயும் அதுக்கு முந்தின நாள்லயும் அவ பாத்த இன்னொரு வேலை இருக்கு, அதை யாரும் தாய்மைன்னு சொல்ல மாட்டாங்க. எல்லாரோட டைரியையும், டாக்டர் ஃபோனோகிராஃப்ல பேசி வெச்ச சிலிண்டரையும் கேட்டு, டைப்ரைட்டர்ல அடிச்சு, தேதி வாரியா அடுக்கி, எதிரி யாரு, எங்க இருக்கான், எத்தனை பெட்டி மண்ணோட வந்திருக்கான்னு எல்லாருக்கும் புரியுற மாதிரி வெச்சது அவளும் அவ புருஷன் ஜோனதனும். டாக்டர் டைரியை மூணு காப்பி எடுத்தவ அவ. சீவர்டோட பழைய வாத்தியார் டாக்டர் வான் ஹெல்சிங் அதைப் பாத்து ஆடிப்போய், இவளுக்கு ஆம்பளை மூளை, பொம்பளை மனசுன்னு புகழ்றாரு. பாராட்டு மாதிரிதான் இருக்கும், ஆனா மூச்சு விடாம அடுத்ததா சொல்றது என்ன தெரியுமா, இன்னிக்கு ராத்திரிக்கு அப்புறம் இந்த விஷயத்துல அவ இருக்கக்கூடாது. ராத்திரி மீட்டிங் முடிஞ்சதும் அவகிட்டயே சொல்லிட்டு ஆம்பளைங்க எல்லாம் டிராகுலா வாங்கியிருக்கிற பக்கத்து கார்ஃபாக்ஸ் வீட்டை உடைக்கப் போயிடுறாங்க. நம்ம வீட்டு விசேஷத்துல பந்தி முதல் பந்தல் வரைக்கும் ஒரு சித்தி பாத்திருப்பாங்க, பெரியவங்க உக்காந்து பணம் காசு பேசுறப்ப மட்டும் "நீ போய் கொஞ்சம் படும்மா, அலைஞ்சு களைச்சிருப்ப"ன்னு சொல்வாங்க பாருங்க, அதே குரல். மினா என்ன எழுதுறான்னா, பிரியமானவங்க ஆபத்துல இருக்கிறப்ப ஒரு பொண்ணு எப்படித் தூங்குவா, இருந்தாலும் ஜோனதன் திரும்பி வந்து கவலைப்படக்கூடாது, அதனால படுத்து தூங்குற மாதிரி நடிக்கப்போறேன்.

அன்னிக்கு ராத்திரிதான் டிராகுலா அவகிட்ட வர்றான்.

இதை விட்டுட்டு மினாவைப் பத்திப் பேசவே முடியாதுன்னு நான் நினைக்கிறேன். காலையில ஜோனதன் பாக்குறான், வெளுத்துப் போயிருக்கா, எழுப்பினாலும் சட்டுனு எழுந்திரிக்கலை. லூசிக்கு இதே அறிகுறியைப் பக்கத்துல உக்காந்து பாத்த டாக்டருங்க ரெண்டு பேர் அதே கட்டடத்துல இருக்காங்க. ஒருத்தருக்கும் உறைக்கலை. மீட்டிங்ல கேட்டதெல்லாம் அவளைக் கலங்கடிச்சிருக்கும், நல்லவேளை இனிமே இதுல அவ இல்லைன்னு புருஷன் நிம்மதிப் பெருமூச்சு விடுறான். அம்மாவைப் பத்திரமா வெச்சுட்டோம்ங்கிற நினைப்பே அவங்க கண்ணை மறைச்சிடுது. ஸ்டோக்கர் இதை வேணும்னே செஞ்சாரா இல்லையான்னு சண்டை போட வேணாம், கதை அப்படித்தான் கட்டியிருக்கு.

அப்புறம் அக்டோபர் 3க்கு வாங்க. டிராகுலா தன் நெஞ்சை நகத்தால கீறி அவ முகத்தைப் பிடிச்சு அதுல அழுத்தி ரத்தம் குடிக்க வெக்கிறான். கதவை உடைச்சுட்டு உள்ள வந்த சீவர்ட், ஒரு குழந்தை பூனைக்குட்டியோட மூக்கைப் பால் கிண்ணத்துல அமுக்கிற மாதிரி இருந்துச்சுங்கிறாரு. பால்! எத்தனையோ உவமை இருக்க அவர் வாயில அதுதான் வருது. மூணு நாள் முன்னாடி அவ தோள்ல சாஞ்சு ஒருத்தன் அழுதான், இப்ப இன்னொருத்தன் தன் நெஞ்சுல அவளை அழுத்துறான். ரெண்டு காட்சியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா முதுகு சில்லிடும்.

நாவல்ல மத்த அம்மாங்க கதியையும் ஒரு பார்வை பாத்துடுங்க. லூசியோட அம்மா, புள்ளைக்கு மூச்சு முட்டும்னு காட்டேரி அண்டாம இருக்க வெச்ச பூண்டுப் பூவைப் பாசத்துல எடுத்து வீசுறாங்க, அந்தப் பாசமே வினையாயிடுது. டிராகுலா கோட்டை வாசல்ல ஒரு கிராமத்து அம்மா "என் புள்ளையைக் குடுடா"ன்னு கத்துறா, ஓநாய் தின்னுடுது. காட்டேரி லூசி லண்டன்ல ஹாம்ப்ஸ்டெட் பக்கம் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போய் கடிக்கிறா. மினாவுக்கோ அம்மா அப்பா யாருன்னே தெரியாது, அவளே சொல்றா, நான் பெத்தவங்களை அறிஞ்சதே இல்லைன்னு. அம்மாவையே பாக்காத ஒருத்தி எல்லாருக்கும் அம்மாவா இருக்கணும்னு கேட்டா, அவ எங்கேருந்து கத்துக்கிட்டிருப்பா? (ஸ்டோக்கர் ஏழு வயசு வரைக்கும் படுத்த படுக்கையா இருந்தவரு, அவங்கம்மா அயர்லாந்து ஸ்லைகோ ஊர்ல 1832ல வந்த காலராவைப் பத்தி பயங்கரக் கதையெல்லாம் சொல்லி வளத்தாங்க. சுவாரசியமான விஷயம், ஆனா அதை வெச்சு செமினார்ல சைக்காலஜி பண்ணிடாதீங்க, மார்க் போயிடும்.)

ரூம்மேட்கிட்டயும் ஒண்ணு சொல்லுங்க. ஆம்பளைங்க செஞ்ச அம்மான்னு சொல்லி அவளைத் தூக்கிப் போட்டா அவ மூளையையும் சேத்துத்தான் தூக்கிப் போடுறோம். தன்னை ஹிப்னாடிஸ் பண்ணுங்க, விடியுறதுக்கு முன்னாடி பண்ணினா என்னால தாராளமா பேச முடியும்னு யோசனை சொன்னது அவ. தன் கோட்டைக்குத் தப்பிச்சு ஓடுற டிராகுலா சேரெத் ஆத்து வழியாத்தான் போறான்னு மேப்பையும் பேப்பரையும் வெச்சு கண்டுபிடிச்சது அவ, எல்லாரும் திணறிப் போய் உக்காந்திருக்கிறப்ப. அப்ப வான் ஹெல்சிங் அவளை டீச்சர்ங்கிறாரு. தாய்னு சொல்லலை. கல்யாணத்துக்கு முன்னாடி அவ ஸ்கூல்ல டீச்சராத்தான் இருந்தா, அந்த வார்த்தை அவளோட சொந்த வார்த்தை. அது மட்டும் இல்ல, தன் வாழ்க்கையைக் கெடுத்தவன் மேலயே அவளுக்கு இரக்கம் வருது, இவ்வளவு துன்பம் பண்ணின அந்த ஆத்மாதான் எல்லாரையும் விட பரிதாபம்ங்கிறா, ஜோனதனுக்கு பத்திக்கிட்டு வருது. இதைத் தாய் மனசுன்னு மேடம் சொல்வாங்க. எனக்கென்னமோ, நாளைக்கு நானும் அவன் நிலைமைக்குப் போவேன், அப்ப எனக்கும் யாராவது இரக்கப்படணும்னு கணக்குப் போடுறவளோட பேச்சு மாதிரி இருக்கு, கிட்டத்தட்ட அதையே அவ வாய்விட்டும் சொல்றா.

கடைசிப் பக்கம்தான் எனக்கு இன்னும் ஆறலை. ஏழு வருஷம் கழிச்சு எழுதுற குறிப்பு, எழுதுறது ஜோனதன். மினாவுக்குப் பையன் பொறந்திருக்கான், டிராகுலாவை முடிச்ச சண்டையில குவின்சி செத்த அதே தேதியில, எல்லா ஆம்பளைங்க பேரையும் கோத்து பேரு வெச்சிருக்காங்க. இவங்கம்மா எவ்வளவு தைரியசாலின்னு இவன் ஒருநாள் தெரிஞ்சுக்குவான்னு வான் ஹெல்சிங் பையனை மடியில வெச்சுக்கிட்டு சொல்றாரு. நாவல் பூரா பக்கம் பக்கமா எழுதினவ அந்தப் பக்கத்துல ஒரு வார்த்தை பேசலை. அதே குறிப்புல ஜோனதன் இன்னொண்ணு சொல்றான், இத்தனை காகிதத்துல அசல் ஆவணம்னு ஒண்ணு தேறுறதே கஷ்டம், கடைசியில எழுதின சில நோட்டும் குறிப்பும் தவிர வெறும் டைப் அடிச்ச குவியல்தான் இருக்குன்னு. அந்தக் குவியல் யார் அடிச்சது? டிராகுலா வந்து கையெழுத்துப் பிரதியையும் சிலிண்டரையும் தீயில போட்டப்ப, பெட்டகத்துல பத்திரமா இருந்த அவளோட காப்பிதானே மிஞ்சுச்சு. அது இல்லைன்னா இந்தப் புத்தகமே நம்ம கைல இருந்திருக்காது.

செமினாருக்கு எனக்குத் தெரிஞ்ச வழி இதுதான்மா, செப்டம்பர் 30ஐயும் அந்தக் கடைசிக் குறிப்பையும் ரெண்டு பக்கமா வெச்சு, தோளும் டைப்ரைட்டரும்னு எடுத்துக்கிட்டு பேசுங்க. மேடம் சொன்ன தாயை மறுக்கவும் வேணாம், அந்தத் தாய் வேலையை யார் கேட்டாங்க, எத்தனை மணிக்குக் கேட்டாங்க, அப்புறம் யார் போய் படுக்கச் சொன்னாங்கன்னு காட்டிடுங்க, மேடமே ஒத்துக்குவாங்க.

எந்த இடத்துல உங்கம்மா ஞாபகம் வந்துச்சுன்னு நீங்க எழுதலை. தூங்குற மாதிரி படுத்துக்கிற இடமா இருக்கும்னு நினைக்கிறேன். இல்லைன்னா எந்த இடம்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க.