ஓடும் காரில் கியரைத் தவறாக மாற்றினால் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் கெட்டுவிடுமா?

அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் போகும்போது கை தவறி டிரைவிலிருந்து நியூட்ரலுக்குத் தட்டிவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு தடவைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சக்கரத்தோடு தொடர்பு அறுந்து இன்ஜின் சீறியிருக்கும், அவ்வளவுதான். இனி நேர்ந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சத்தம் அடங்கிய பிறகு டிரைவுக்குத் தள்ளுங்கள். சீறும்போதே தள்ளினால்தான் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகள் தேயும்.

நான் என் கியர்பாக்ஸைக் கெடுத்தது நாள் தவறாமல் செய்த ஒரு காரியத்தால். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு குறுகல். காரைத் திருப்ப மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது பைக்கில் வந்து ஹாரனை அழுத்துவார். அவசரத்தில், கார் பின்னால் உருளும்போதே டிரைவ், முன்னால் ஊரும்போதே ரிவர்ஸ். ஒவ்வொரு தடவையும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பழைய கார், கை மாறி வந்தது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மேனுவல் காராக இருந்தால் ரிவர்ஸ் பல் கரகரவென்று கத்தி என்னைத் தடுத்திருக்கும். ஆட்டோமேடிக் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. பிரேக் நிறுத்த வேண்டிய காரைக் கிளட்ச் தகடுகள் உராய்ந்து நிறுத்திக்கொண்டிருந்தன.

ஒன்றரை வருடத்தில் ரிவர்ஸ் போட்டால் கார் யோசிக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு விநாடி, பிறகு இரண்டு, அப்புறம் ஓர் உதறல். முதலியார்பேட்டையில் ஒரு மெக்கானிக், கியர் ஆயில் குச்சியை உருவி என் மூக்கருகில் நீட்டினார்.

"மோந்து பாருங்கள் சார்."

சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அடிப்பிடித்த பாத்திரத்தின் நாற்றம். அந்தச் செலவில் ஒரு புது ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாம்.

இன்னொரு தப்பான பழக்கம், அப்பாவிடமிருந்து வந்தது. கடலூர்–புதுச்சேரி சாலையில் மேடு என்றால் பாலங்கள்தான். அவற்றில் இறங்கும்போதெல்லாம் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவார். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் வரத்தே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடக் கொஞ்சம் எரியும். சேமிக்க நினைத்தவர் செலவழித்துக்கொண்டிருந்தார். சொன்னால் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வேகத்தில் போகும்போது ரிவர்ஸ் போட்டால், பல புதிய கார்களில் கணினியே மறுத்துவிடும். பார்க்கிங் கியர் அப்படி இல்லை. பல கார்களில் அது ஒரு பல்சக்கரத்தில் போய்ச் சிக்கும் சின்ன இரும்பு நாக்கு. ஓடும்போது போட்டால் கடகடவென்று அடிக்கும், உடையவும் கூடும். சரிவில் நிறுத்தும்போது கைபிரேக்கை முதலில் போட்டு, காரின் பாரம் அதில் இறங்கியபின் பார்க்கிங்குக்குத் தள்ளுங்கள்.

உங்களுடையது ஏஎம்டி என்றால் கதை கொஞ்சம் வேறு. 2014-இல் மாருதி செலேரியோ காரோடு இங்கே பரவிய வகை அது. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் இயந்திரம் செய்கிறது. பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் சிக்கினால் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி காரைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் கருகும். பிரேக்கில் நில்லுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு சோதனை போதும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸ் போடுங்கள். உடனே, உதறாமல் பிடித்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.