இமயத்துப் பனிச்சரிவு: நீலகிரி மலையேறிகளுக்குப் பதில்கள்

குளிர்காலத்தில் இமாச்சலத்துக்கும் உத்தராகண்டுக்கும் மலையேறப் புறப்படும் நம் குழுவினர் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பனிப்பொழிவு நின்று வானம் தெளிந்துவிட்டால் ஏறலாம் அல்லவா? (கோத்தகிரி)

வேண்டாம். பொழிவு ஓய்ந்த முதல் ஓரிரு நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை. பனி விழாத நாளிலும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் குவித்துக்கொண்டே இருக்கும்.

பனிக்குள் பலவீனமான அடுக்கு எப்படி உண்டாகிறது? (காந்தல்)

காந்தல்காரருக்கு இதை விளக்குவது எளிது. ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, காற்றிலுள்ள ஈரம் புல்லின்மேல் உறைபனியாகப் படிவதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். அதே காரணத்தால் இமயத்திலும் பனிப்பரப்பின்மேல் இறகு வடிவப் படிகங்கள் வளர்கின்றன. இங்கே வெயில் ஏறியதும் கரைந்துபோவது, அங்கே நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் கரையாமல் கிடக்க, அடுத்த பொழிவு அதை அப்படியே மூடிவிடுகிறது. மேலே இறுகிய பாளம், கீழே அதைப் பிடித்து நிறுத்தும் வலுவில்லாத படிகங்கள் என்ற நிலையில், ஒருவர் கால் வைத்த அழுத்தமே அவற்றை நொறுக்கப் போதுமானது. முறிவு நொடிப்பொழுதில் சரிவெங்கும் பரவிப் பாளம் முழுவதும் கழன்று வருகிறது. பனி மெல்லியதாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும் பருவத் தொடக்கத்தில், தரையை ஒட்டிச் சர்க்கரைபோல் உதிரும் மணிகளும் உருவாகும். இவை வாரக்கணக்கில் வலுப்பெறாமல் நீடிப்பதால், இவற்றுக்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

சியாச்சினில் புதையுண்ட வீரர் ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டாரே? (வெலிங்டன்)

2016 பிப்ரவரி 3 அன்று புதையுண்ட 10 பேரும் உங்கள் ஊரிலேயே பயிற்சி மையம் கொண்ட மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டுமே உயிருடன் கிடைத்தார். அவரும் 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அது மிக அரிய விதிவிலக்கு. முழுவதும் புதைந்தவரைச் சுமார் 10 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி கடந்தால் பெரும்பாலோர் மூச்சுத்திணறி இறந்துவிடுகிறார்கள். எனவே உடன் வந்தவர்களே மீட்க வேண்டும். அதற்கு 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் இருந்து, புதைந்தவர் அவரே ஆனால் யார் தேடுவது?

எந்தச் சரிவைத் தவிர்க்க வேண்டும்? (குன்னூர்)

30 முதல் 45 பாகை வரை சாய்ந்தவற்றை. செல்பேசியிலுள்ள சாய்வுமானியே அளந்து சொல்லிவிடும். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும், தலைக்குமேல் அத்தகைய சரிவு இருந்தால் அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். காலடியில் பனி ‘தும்’ என்று அமுங்கினாலோ கீறல் ஓடினாலோ திரும்பிவிடுங்கள்.

எச்சரிக்கை அறிக்கை கிடைக்குமா? (உதகை)

கிடைக்கும். சண்டிகரிலுள்ள டிஜிஆர்இ என்னும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் வெளியிடுகிறது. பனிச்சரிவு அபாயத்தைக் குறிக்கும் ஐந்து படிகளில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு உயிரிழப்புகளின் பெரும் பங்கு மூன்றாம் படி நாள்களில்தான் நிகழ்கிறது.