வாசகர் கேள்வி: எந்தக் கம்பி, எத்தனை சுற்று?

கேள்வி: சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறியவன் நான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளுக்கு பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தடை வந்ததால், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளை நாமே சுற்றிக்கொள்ளும் கருவி ஒன்றை வாங்கினேன். கான்தால், நைக்ரோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிய கம்பிகளில் எதை வாங்குவது, எத்தனை சுற்று சுற்றுவது?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: முதன்முறை சுற்றுபவருக்கு நான் தயங்காமல் சொல்வது கான்தால் ஏ-1 கம்பியைத்தான். இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்த அந்தக் கம்பி சூடேறும்போது அதன் மேல் அலுமினிய ஆக்சைடுப் படலம் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பதாலும், சூட்டில் அதன் மின்தடை பெரிதாக மாறாததாலும், நாம் போட்ட கணக்கு பிசகுவதில்லை. நைக்ரோமில் பெரும்பங்கு நிக்கல் என்பதால், நிக்கல் நகை பட்டால் தோல் அரிப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெப்பக் கட்டுப்பாடு உள்ள கருவிகளுக்கு உரியது.

கம்பியைவிடக் கணக்கே முக்கியம். 0.32 மி.மீ. தடிமன் உள்ள 28 கேஜ் கான்தால் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம் மின்தடை உண்டு. அதை 3 மி.மீ. டிரில் பிட்டின் மீது 6 சுற்று சுற்றினால், கருவியில் மாட்ட விடும் இரு முனைகளையும் சேர்த்து 7 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான கம்பி செலவாகி, சுமார் 1.3 ஓம் கிடைக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் 4.2 வோல்ட்டை இதனால் வகுத்தால் 3.2 ஆம்பியர்தான் வருகிறது. இது பாதுகாப்பான அளவு. புகை அதிகம் வேண்டுமென்று 0.2 ஓமுக்கு இறங்கினாலோ 21 ஆம்பியர் ஆகிவிடும். இக்கருவிகளில் போடும் 18650 வகை உருளைப் பேட்டரிகளில் பல, தொடர்ந்து 20 ஆம்பியரைக்கூடத் தாங்காதவை. மின்னணுப் பாதுகாப்பு இல்லாத மெக்கானிக்கல் கருவியில் அந்த மின்னோட்டத்தைத் தடுக்க ஒன்றுமே இல்லாததால் பேட்டரி தீப்பற்றக்கூடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சுருளை மாட்டியதும் ஓம் மீட்டரில் அளந்து பார்க்காமல் ஒருபோதும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

பிறகு, திரவத்தை உறிஞ்சும் பஞ்சைச் சுருளுக்குள் வைக்கும் முன், குறைந்த வாட்டில் விட்டுவிட்டுச் சூடாக்குங்கள். சுருள் நடுவிலிருந்து இருபுறமும் சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் முந்திச் சிவந்தால், மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுப் பீங்கான் முனை இடுக்கியால் சுற்றுகளை நெருக்கிவிடுங்கள். பஞ்சை இழுக்கும்போது லேசாகப் பிடித்து நகர வேண்டும். சுருளே கூடவே அசைந்தால் பஞ்சு அதிகம். அதிகம் திணித்தால் திரவம் ஊறாமல் கருகல் வாடை வரும்.

ஊருக்கு வரும்போது கருவியைக் கையோடு கொண்டுவர வேண்டாம். இந்தியாவில் 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றின் இறக்குமதியும் விற்பனையும் தடை செய்யப்பட்டுள்ளன.